நேர்கோட்டை நிமிர்த்திய வரலாறு

மனித குலம் இதுவரை கண்ட முன்னேற்றங்கள் இரண்டே இரண்டு. நாலு காலில் நடந்துகொண்டிருந்தவன் எழுந்து இரண்டு காலில் நின்றது முதலாவது. அப்படி நின்றவனிடம் இன்னொருவன் வந்து, "நீங்க நிக்கிறதே தப்பு" என்று சொன்னது இரண்டாவது. முதலாவதற்குப் பல லட்சம் ஆண்டுகள் பிடித்தன என்கிறார்கள். இரண்டாவது ஒரு சனிக்கிழமை காலையில், காபி ஆறுவதற்குள் நடந்து முடிந்தது. அந்த முன்னேற்றத்துக்கு ஆளாகும் பாக்கியம் பெற்ற ஒருவரின் வரலாறு இது.

அவர் ஒரு லிஃப்ட் கம்பெனியில் பராமரிப்புப் பிரிவு மேலாளர். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களில் ஏறி இறங்கும் பெட்டிகளில் பாதி அவர் பொறுப்பு. ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். கொஞ்சம் தொப்பை, நிறையப் பொறுமை. லிஃப்டுக்குள் போனால் மற்றவர்கள் மாடி எண்ணைப் பார்ப்பார்கள். இவர் காதைத் தீட்டிக்கொண்டு மோட்டாரைக் கேட்பார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வந்த பழக்கம், விடவில்லை.

அந்தப் பழக்கத்தால் வந்தது வினை. அவர் மனைவி சேர்க்கப்பட்டிருந்த ஆஸ்பத்திரியில் இருந்ததும் அவர் கம்பெனி லிஃப்ட்தான். அறுவை சிகிச்சைக்கு அவளைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு போனபோது இவரும் கூடவே ஏறினார். கதவு மூடியது. அவள் இவர் பக்கம் தலையைத் திருப்பி ஏதோ சொன்னாள். இவர் காது, வழக்கம்போல, மோட்டாரிடம் இருந்தது. "என்னம்மா?" என்று குனிவதற்குள் கதவு திறந்தது, அவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து எந்த லிஃப்டின் கதவு மூடினாலும் அவர் மனதில் ஒரே கேள்வி: என்ன சொன்னாள்? அவர் வேலையோ லிஃப்டிலேயே ஏறி இறங்குவது. ஆக, சம்பளம் வாங்கிக்கொண்டு நாள் முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மனைவியின் தம்பிதான் அவரை இழுத்துக்கொண்டு போனான். வீட்டுமனைத் தரகன். வாயும் அதற்கேற்ற வாய். "கிளம்புங்க அத்தான். லிஃப்டே இல்லாத ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று காரில் ஏற்றினான். போய் இறங்கினால், கண்ணுக்கு எட்டிய வரை புல். மாடி என்ற பேச்சே கிடையாது.

"என்னடா இது, மாடு மேய்க்கவா?"

"கோல்ஃப் அத்தான். பந்தை அடிக்கணும், பின்னாலேயே நடந்து போய்த் தேடணும். கிடைச்சா திரும்பவும் அடிச்சுத் தொலைச்சிடணும்."

"எதுக்கு?"

"அதைக் கேட்டா யாரும் விளையாட மாட்டாங்க."

மச்சினன் முதலில் அடித்தான். பந்து புதருக்குள் போயிற்று. அவன் பந்து எப்போதும் புதருக்குத்தான் போகும். அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு மட்டையை அத்தானின் கையில் கொடுத்தான்.

அத்தான் அடித்த அடியை உள்ளபடி எழுதுவது வரலாற்றுக் கடமை. அலமாரி மேலிருக்கும் பெட்டியை எடுக்கப் போகிறவர்போல மட்டையை மேலே கொண்டுபோனார். மேலே போனதும், எடுக்க வந்தது என்ன என்று மறந்துவிட்டவர்போல ஒரு கணம் நின்றார். ஒரு முழங்கால் உள்பக்கம் மடிந்தது. அப்புறம், மெத்தையில் தூசி தட்டுவதுபோல் ஒரே போடு. முடிக்கும்போது வலது கால், ஈரத் தரையில் வழுக்கியவனுடையதுபோல, அந்தரத்தில் நின்றது.

பந்து மட்டும் நேராகப் போயிற்று. வலமும் இல்லை இடமும் இல்லை, அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி.

மச்சினன் வாயைப் பிளந்தான். அத்தான் அதைக் கவனிக்கவில்லை. மட்டை கீழே இறங்கிய நேரத்திலிருந்து பந்து புல்லில் விழும் வரைக்கும், அந்தக் கேள்வி அவர் தலைக்குள் இல்லை. வேறு எதுவுமே இல்லை. வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீடுபோல, உள்ளே காற்றும் வெளிச்சமும்தான்.

"இன்னொரு பந்து இருக்காடா?" என்று கேட்டார்.

இப்படியாக ஒவ்வொரு சனி ஞாயிறும் அவர் மைதானத்தில் இருந்தார். அங்கே உள்ளவர்கள் அவருக்கு 'நேர்கோடு' என்று பெயர் வைத்தார்கள். கோணல் உடம்பிலிருந்து வரும் நேர்கோடு. சிரிப்பார்கள்தான், ஆனால் ஜோடி சேர்த்து விளையாடும் நாளில் அவரைத் தங்கள் பக்கம் இழுப்பதற்குச் சண்டையும் போடுவார்கள். வாரத்தில் ஐந்து நாள் கேள்வி, இரண்டு நாள் ஓய்வு என்று ஏற்பாடு செய்துகொண்டு நேர்கோடு ஒருவாறு பிழைத்திருந்தார்.

கேட்பார் இல்லாமல் ஒருவர் பிழைத்திருப்பது நிர்வாகத்துக்கு அழகல்ல. அந்த ஆண்டு, லிஃப்ட் கம்பெனிக்கும் அதன் பெரிய வாடிக்கையாளரான கட்டுமானக் கம்பெனிக்கும் நட்புமுறை ஆட்டம் நடந்தது. நேர்கோட்டின் தயவில் லிஃப்ட் கம்பெனி வென்றது. கட்டுமானக் கம்பெனிக்காரர் ஒருவர் நேர்கோடு அடிப்பதைச் செல்போனில் படம் பிடித்தார். மறுநாள் அந்தப் படம் எல்லோருடைய செல்போனிலும் இருந்தது. அதற்கு மறுநாள், கம்பெனியின் இயக்குநர் 'பிம்பப் பாதுகாப்பு அவசரக் கூட்டம்' கூட்டினார்.

இயக்குநர் முன்னேற்றத்தின்மீது தீராத காதல் உடையவர். அவர் அறையில் நாற்காலிகள் மாதம் ஒருமுறை இடம் மாறும். 'எதையும் இருந்தபடி விடாதே' என்று சுவரில் பொன்னெழுத்தில் எழுதி வைத்திருந்தார். பொன்னெழுத்தை மட்டும் இருந்தபடி விட்டிருந்தார்.

பெரிய திரையில் படம் ஓடியது. நேர்கோடு மேலே போனார், நின்றார், மடிந்தார், தட்டினார், காலைத் தூக்கினார். கூட்டம் துக்க வீட்டில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தது.

"இதைப் பத்தி என்ன சொல்றீங்க?" என்றார் இயக்குநர்.

"ஆட்டத்துல நாமதான் சார் ஜெயிச்சோம்" என்றார் நேர்கோடு.

"ஜெயிச்சது நாளைக்கு மறந்துடும். காலைத் தூக்கினது மறக்காது. நல்லா யோசிங்க. ஒரு லிஃப்ட் கம்பெனி மேலாளர், கோணிக்கிட்டு மேலே போறார். நடுவுல நின்னுடறார். அப்புறம் தடால்னு கீழே வந்து விழறார். இதைப் பார்த்தவன் நம்ம லிஃப்ட்ல ஏறுவானா?"

நேர்கோடு யோசித்தார். அப்படிப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. இயக்குநர் சொல்வது எப்போதுமே, அவர் சொல்லும் நேரத்தில் மட்டும், நியாயமாகப் படும்.

"உங்களைக் குறை சொல்லலை. உங்க மேல முதலீடு பண்றோம். ஒரு பயிற்சியாளரை ஏற்பாடு பண்ணியிருக்கேன். உங்க ஸ்விங்கை, அதான் மட்டை வீசற விதத்தை, பிரிச்சு, புதுசாக் கட்டித் தருவார். அடுத்த வருஷ ஆட்டத்துல உங்களை யாரும் படம் பிடிக்கக் கூடாது. பிடிச்சா, ஃபிரேம் போட்டு மாட்டற மாதிரி இருக்கணும்."

கூட்டம் கைதட்டியது. நேர்கோடும் தட்டினார், தட்டாமல் இருந்தால் 'முதலீட்டை' அவமதித்ததாகும்.

பயிற்சியாளர் மைதானத்துக்குப் பின்னால் ஒரு நீளமான கூடத்தில் இருந்தார். மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் வலை. கூரையிலிருந்து இரண்டு கேமராக்கள் தொங்கின. தரையில் பாதம் வைக்க வேண்டிய இடங்களில் வட்ட வட்டமாகச் சிவப்பு, நீல ஸ்டிக்கர்கள். அவரே சலவையிலிருந்து அப்போதுதான் வந்தவர்போல இருந்தார். தொப்பியில்கூட மடிப்பு கலையவில்லை.

திரையில் அதே படத்தை ஓடவிட்டு, அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்.

"என்ன தெரியுது?"

"பந்து நேராப் போகுது சார்."

பயிற்சியாளர் இரக்கத்தோடு சிரித்தார். "பந்து எங்க போகுதுன்னு பார்க்கிறது கத்துக்குட்டிங்க பண்றது. ஸ்விங்கைப் பாருங்க. இதுல சரின்னு சொல்ல ஒரு இடம் இருக்கா?"

"ஆனா நேராப் போகுதே?"

"தற்செயல்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"தொடர் தற்செயல். அது ரொம்ப மோசம். தப்பு தப்பா வந்தா திருத்திடலாம். தப்பு சரியா வந்துக்கிட்டே இருந்தா, அது பழக்கமாயிடும்."

இந்த வாதத்தில் எங்கோ ஒரு திருகாணி கழன்றிருப்பதாக நேர்கோட்டுக்குப் பட்டது. எது என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"அடிக்கிறப்போ என்ன நினைப்பீங்க?"

"ஒண்ணும் நினைக்க மாட்டேன் சார்."

பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். எக்ஸ்ரேயில் எதையோ பார்த்துவிட்ட டாக்டரின் முகம். "ஒண்ணுமே?"

"ஒண்ணுமே."

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஆரம்பத்துலேருந்தே. அதுக்காகத்தான் சார் நான் இங்க வரதே."

"பயப்படாதீங்க, சரி பண்ணிடலாம்" என்றார் பயிற்சியாளர். "உங்க தலை காலியா இருக்கு. முதல்ல அதை நிரப்பணும்."

நிரப்பும் பணி அன்றே தொடங்கியது. முதல் கட்டத்தில் பந்து கிடையாது. "பந்து இருந்தா உங்களுக்கு அடிக்கணும்னு ஆசை வரும்" என்றார் பயிற்சியாளர். இரண்டாம் கட்டத்தில் மட்டையும் கிடையாது. இரண்டு அக்குளிலும் துண்டைச் செருகிக்கொண்டு, தலையைச் சுவரில் முட்டுக்கொடுத்து, ஸ்டிக்கர்மேல் நின்று, நேர்கோடு வெறும் கையை ஆட்டினார். நினைக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார்கள்: தாடை, இடது தோள், மணிக்கட்டு, வலது முழங்கால், இடுப்பு, மூச்சு. மூச்சை நினைத்தால் தாடை மறந்தது. தாடையைப் பிடித்தால் இடுப்பு நழுவியது. சந்தையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்போல, ஒன்றைப் பிடிக்க ஒன்று ஓடியது.

"நீங்க ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க சார்" என்று ஒருநாள் கேட்டார்.

"நான் அடிக்கிறதில்லை."

"ஏன் சார்?"

"அடிச்சா என்னோட தனிப்பட்ட கோளாறு எல்லாம் உங்களுக்கு ஒட்டிக்கும். சுத்தமான முறை யாரோட உடம்புலயும் இருக்காது. சொல்லிலதான் இருக்கும்."

இவ்வளவு தூய்மையை நேர்கோடு அதற்கு முன் கண்டதில்லை.

வீட்டுப்பாடமும் இருந்தது. கண்ணாடி எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் பயிற்சி செய்ய வேண்டும். நேர்கோடு நாளெல்லாம் கண்ணாடி பதித்த ஒரே இடத்தில்தான் இருந்தார். லிஃப்டில் யாரும் இல்லாத சமயம் பார்த்து, கதவு மூடியதும் தாடையைத் தூக்குவார், தோளைத் திருப்புவார், இடுப்பை நினைப்பார். பெட்டி மேலே போகும். தாடைக்கும் தோளுக்கும் நடுவில், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்பதுபோல, அந்தக் கேள்வி வந்து இடம் பிடித்துக்கொள்ளும். என்ன சொன்னாள்?

அது லிஃப்டோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மூன்றாம் கட்டத்தில் மட்டையைக் கையில் கொடுத்தார்கள். மைதானத்தில், திறந்த புல்வெளியில், வானத்துக்கு அடியில் நின்று நேர்கோடு மட்டையைத் தூக்கினார். தாடை. தோள். மணிக்கட்டு. என்ன சொன்னாள்? முழங்கால். இடுப்பு. மூச்சு.

கேள்வி இப்போது வாரத்துக்கு ஏழு நாளும் வேலை பார்த்தது.

"உங்க ஸ்விங்ல இப்ப யோசனை தெரியுது" என்று பயிற்சியாளர் பூரித்துப் போனார்.

இயக்குநர் இதைக் கேள்விப்பட்டு, நேரில் வந்து பார்த்தார். நேர்கோடு சிலைபோல நின்று, கடிகார முள்போல மட்டையைக் கொண்டுபோனது அவர் கண்ணை நிறைத்தது. ஒருவருக்கு இவ்வளவு நல்லது நடக்குமானால், அதை மற்றவர்களுக்கு மறுப்பது எப்படி? பராமரிப்புப் பிரிவு முழுவதையும் 'மறுகட்டமைக்க' அந்தப் பயிற்சியாளரையே அமர்த்தினார். மெக்கானிக்குகள் அதுவரை லிஃப்ட் நின்றுவிட்டதென்றால் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டு, அப்புறம் யோசிப்பார்கள். பயிற்சியாளர் அதைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "எப்படி நிக்கிறாங்க பாருங்க! ஸ்பேனரை எப்படிப் பிடிக்கிறாங்க பாருங்க! திறக்குது, அவ்வளவுதான். தற்செயல்!"

எல்லா மெக்கானிக்குக்கும் ஒரு கட்டு ஸ்டிக்கர் வழங்கப்பட்டது.

இதன் முதல் பலனைக் கட்டுமானக் கம்பெனியின் தலைமை அலுவலகம் அனுபவித்தது. அங்கே லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண்மணி. நேர்கோடு போய்ச் சேர்ந்தபோது, அவருடைய மூத்த மெக்கானிக் கதவுக்கு முன்னால் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டி, அதன்மேல் நின்று, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"யாராவது இருக்கீங்களா?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"இருக்கேன் மேடம்" என்றார் மெக்கானிக்.

"அப்ப திறங்களேன்!"

"திறக்கறதுக்குத்தான் வந்திருக்கேன். இடுப்பு இன்னும் சரியா உட்காரலை."

"யாரோட இடுப்பு?"

"என்னோடதுதான் மேடம்."

"யோவ், உங்க இடுப்புக்கு நான் என்னய்யா பண்றது? எனக்கு மூச்சு முட்டுது!"

"மூச்சு கடைசியில வரும் மேடம். முதல்ல தாடை."

நேர்கோடு மெக்கானிக்கைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தார். வெளியே வந்த பெண்மணி இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் படிக்கட்டில் இறங்கிப் போனார். மேலாளர் முறை தவறிக் கதவைத் திறந்ததாகப் பயிற்சியாளர் வருத்தத்தோடு இயக்குநரிடம் தெரிவித்தார். இயக்குநர் பெருந்தன்மையாக அதை மன்னித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் மைதானத்துக்கு வந்தான். அத்தான் மட்டையைப் பிடித்துக்கொண்டு பந்துக்கு முன்னால் நின்றார். நின்றார். இன்னும் நின்றார்.

"அத்தான், பந்தை அடிக்கப் போறீங்களா, அதுகிட்டப் பொண்ணு கேக்கப் போறீங்களா?"

"பேசாம இருடா. தோள்ல இருக்கேன்."

"எப்ப கீழே இறங்குவீங்க? நான் போய் ஒரு குளியல் போட்டுட்டு வந்துடறேன்."

அத்தான் அடித்தார். பார்ப்பதற்கு அவ்வளவு அழகு. பந்து மூன்றடி உருண்டு, களைத்துப் போய் நின்றது.

மச்சினன் சிரிக்க வாயெடுத்தவன், அத்தானின் முகத்தைப் பார்த்துவிட்டு அருகே வந்தான். "என்ன அத்தான்?"

"முன்னாடி அடிக்கிறப்போ ஒண்ணும் கேக்காதுடா. இப்ப இங்கேயும் கேக்குது."

"என்ன கேக்குது?"

அதுவரை யாரிடமும் சொல்லாததை நேர்கோடு சொன்னார். லிஃப்ட், மோட்டார், அவள் தலையைத் திருப்பியது, எல்லாம். மச்சினனுக்கு அவள் அக்கா. அவன் புல்லில் மட்டையால் கொஞ்ச நேரம் கிளறினான்.

"அக்கா வேற என்ன சொல்லியிருக்கப் போறா அத்தான்? 'கேஸ் சிலிண்டரை மூடிட்டு வந்தீங்களா'ன்னு கேட்டிருப்பா."

"மூடிட்டுத்தான்டா வந்தேன்."

"அப்ப கவலை விட்டுது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்கள்.

"நான் சொல்றதைக் கேளுங்க" என்றான் மச்சினன். "பயிற்சியும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். பழையபடி அடிச்சுத் தள்ளுங்க. கம்பெனிகிட்ட நான் பேசிக்கறேன்."

"பழையபடி எப்படி அடிச்சேன்னு தெரியலையேடா."

"இதுல இருக்கே!" மச்சினன் செல்போனை எடுத்து அந்தப் பழைய படத்தை ஓடவிட்டான். நேர்கோடு தன்னையே பார்த்து, தன்னைப்போலவே செய்து பார்த்தார். அலமாரியில் பெட்டியை எடுக்கப் போனார், நிற்க வேண்டிய இடம் வந்ததும் நினைவுபடுத்திக்கொண்டு நின்றார், முழங்காலை ஞாபகமாக மடித்தார், மெத்தையைத் தட்டினார், காலைத் தூக்கினார். பந்து மச்சினனின் புதருக்குள் போயிற்று.

"காலை இன்னும் கொஞ்சம் தூக்கணும்னு நினைக்கறேன் அத்தான்" என்றான் மச்சினன் தயங்கியபடி.

"நினைச்சுத்தானேடா தூக்கினேன்" என்றார் நேர்கோடு.

அதற்குப் பிறகு அவர் எதிர்ப்புக் காட்டவில்லை. கேட்டினும் உண்டோர் உறுதி என்று தேடுகிறவருக்குக்கூட அங்கே ஒன்றும் அகப்பட்டிருக்காது. வீட்டைப் பிரித்துப் போட்டாகிவிட்டது; பழைய செங்கல்லைப் பொறுக்கி என்ன செய்வது? கட்டுகிறவன் காட்டும் இடத்தில் போய் நின்றார். கூடத்தின் மூன்று கண்ணாடியிலும் மூன்று நேர்கோடுகள், அப்பழுக்கில்லாமல், ஒன்றாக மட்டையைத் தூக்கி ஒன்றாக இறக்கினார்கள். மூன்று பேர் தலைக்குள்ளும் ஒரே இரைச்சல்.

ஆண்டு ஆட்டம் வந்தது. மைதானத்தின் ஓரத்தில் பந்தல் போட்டு, இரண்டு கம்பெனிக்காரர்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். இந்த முறை படம் பிடிப்பதற்கு இயக்குநரே ஆள் ஏற்பாடு செய்திருந்தார். நேர்கோடு புதுத் தொப்பி, புதுச் சட்டை, புது ஷூ, புது வீச்சோடு முன்னால் வந்தார். சிறிய மரக்குச்சியின்மேல் பந்தை வைத்தார். நிமிர்ந்தார்.

தாடை. தோள். மணிக்கட்டு. மட்டை, கோயில் தேர் நிலைக்கு வருவதுபோல, அசையாமல் மேலே போய்ச் சேர்ந்தது என்று எழுதலாம். ஆனால் தேர்கூடக் கொஞ்சம் ஆடும். இது ஆடவில்லை. முழங்கால் மடியவில்லை. இடுப்பு வர வேண்டிய நேரத்தில் வந்தது. மட்டை ஒரு முழு வட்டம் சுற்றித் தோளுக்குப் பின்னால் போய் நின்றது. இரண்டு காலும் பூமியில் இருந்தன. மூச்சு, கடைசியில், வந்தது.

பந்தல் எழுந்து நின்று கைதட்டியது. கேமராக்காரர்கள் கட்டைவிரலை உயர்த்தினார்கள். கட்டுமானக் கம்பெனியின் தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம், "யார் இவருக்குச் சொல்லிக் குடுத்தது? நம்பர் வாங்கு" என்றார்.

மச்சினன் மட்டும் கீழே பார்த்தான். பந்து குச்சியின்மேல் வைத்தது வைத்தபடி இருந்தது. பக்கத்தில் ஒரு புல் நுனிகூட அசைந்திருக்கவில்லை.

"அத்தான்" என்று மெல்லக் கூப்பிட்டான்.

"தெரியும்டா" என்றார் நேர்கோடு.

அதற்கப்புறம் நடந்த ஆட்டத்தை விவரித்துப் பயனில்லை. லிஃப்ட் கம்பெனி தோற்றது. சாதாரணத் தோல்வி இல்லை. கட்டுமானக் கம்பெனிக்காரர்களே கூச்சப்பட்டுப்போய்க் கடைசியில் வேண்டுமென்றே புதருக்குள் அடித்தார்கள். இயக்குநர் கலங்கவில்லை. "போன வருஷம் ஜெயிச்சோம், தலைகுனிவா இருந்தது. இந்த வருஷம் தோத்தோம், எவ்வளவு பெருமையா இருக்கு பாருங்க!" என்று கண் கலங்கினார்.

மாலையில் மைதானத்தின் விருந்துக் கூடத்தில் பரிசளிப்பு. 'ஆண்டின் மிகச் சிறந்த மறுகட்டமைப்பு' என்ற கேடயம் புதிதாக உருவாக்கப்பட்டு, நேர்கோட்டுக்கு வழங்கப்பட்டது. மேடையில் பெரிய திரையில் அவருடைய வீச்சை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். படத்தின் சட்டம் இடுப்போடு வெட்டப்பட்டிருந்ததால், பந்து யார் மனதையும் உறுத்தவில்லை.

பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு சிறுமி, "அந்த மாமா பந்தை அடிக்கவே இல்லையே?" என்று உரக்கக் கேட்டாள். அவள் அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

பயிற்சியாளர் கேள்விக்கு அஞ்சுகிறவர் இல்லை. ஒலிபெருக்கியை வாங்கினார். "நல்ல கேள்வி. தொழில்முறையில இதுக்கு நான் பதில் சொல்லணும். நின்ன விதம், திரும்பின விதம், இறங்கின விதம், எதையும் நீங்க குறை சொல்ல முடியாது. எல்லாம் முறைப்படி சரியாத்தான் நடந்தது. பந்துதான் ஒத்துழைக்கலை."

'ஆமாம், ஆமாம்' என்று தலைகள் ஆடின. அந்தச் சிறுமிகூட யோசிக்க ஆரம்பித்தாள். இப்படி ஒரு விளக்கம் இருக்கும்போது இத்தனை நேரம் பந்தைச் சந்தேகிக்காமல் இருந்துவிட்டோமே என்று சிலர் வெட்கப்பட்டார்கள்.

கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நேர்கோடு சட்டென்று தலையை நிமிர்த்தினார். லிஃப்டில் மோட்டாரின் சத்தம் மாறும்போது நிமிர்த்துவாரே, அந்த மாதிரி. பயிற்சியாளரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் நன்றியா ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று இயக்குநர் ஒலிபெருக்கியை அவர் பக்கம் நீட்டினார்.

நேர்கோடு கேடயத்தைக் கீழே, மேசைமேல், மெதுவாக வைத்தார். தாடையைப் பற்றியோ தோளைப் பற்றியோ அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. கூன் போட்டு, ஒரு பக்கம் சாய்ந்து, பழைய கோணலில் நின்றார்.

"எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லை" என்றார். "என் வீட்டுக்காரி ஆபரேஷன்ல போனப்போ, பெரிய டாக்டர் வெளியில வந்து, 'எல்லாம் முறைப்படி சரியாத்தான் செஞ்சோம். அவங்க உடம்புதான் ஒத்துழைக்கலை'ன்னார். நான் 'தேங்க்ஸ் டாக்டர்'னு சொல்லிட்டு வந்துட்டேன். பெரிய படிப்பு படிச்சவர் சொல்றார், அதுல நமக்குப் புரியாத ஏதோ பெரிய அர்த்தம் இருக்கும்னு நினைச்சேன். பயிற்சியாளர் சாருக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன். அதுக்கு என்ன அர்த்தம்னு இன்னிக்கு ஒரு சின்னப் பந்தை வெச்சு எனக்குத் தெளிவா விளக்கிட்டார்."